மறுமொழி: பாத் பாம் – குளியல் குண்டா, பொங்குருண்டையா?

வணக்கம்.

குளியல் தொட்டி நீரில் போட்டதும் பொங்கிக் கரையும் கட்டியை ஆங்கிலத்தில் 'பாத் பாம்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'குளியல் குண்டு' என்பதையே ஏற்றுக்கொண்டு, இதன் செய்முறைக்கான நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் பொருளை வீட்டில் கையால் செய்பவர்களுக்கு, செய்முறையின் ஒவ்வொரு வரியிலும் தடங்கல் இல்லாமல் புழங்கும் சொல் வேண்டும். அந்தக் கண்ணோட்டத்திலிருந்துதான் பேசுகிறேன்.

குண்டு என்ற சொல்மேல் எனக்குப் பகை இல்லை. குண்டுமணி, குண்டு மல்லி, குண்டு எறிதல் என்று உருண்டு திரண்டதைக் குறிக்கும் வழக்கு நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த சொல் என்று அதைத் தள்ளுவது நியாயமாகாது. சிக்கல் செய்முறை எழுதும்போதுதான் தலைகாட்டுகிறது. அச்சிலிருந்து எடுத்து உலரவைக்கும்போது கீறல் விழுவது இதில் அடிக்கடி நேரும் குறை. கீறலுக்கு நம் வாயில் முதலில் வரும் சொல் வெடிப்பு: பாதவெடிப்பு, நிலவெடிப்பு, சுவரில் வெடிப்பு. 'குண்டில் வெடிப்பு ஏற்பட்டால் என்ன செய்வது?' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். 'வீட்டிலேயே குண்டு தயாரிக்கும் முறை' என்று தலைப்பிட்டுப் பாருங்கள். முன்னால் 'குளியல்' இருக்கிறதே என்பீர்கள். எந்த முன்னொட்டும் நீண்ட கட்டுரையில் வரிக்கு வரி தாங்காது; இரண்டாம் பத்தியிலேயே உதிர்ந்துவிடும். எஞ்சி நிற்கும் சொல் தனியாகவும் தெளிவாக இருக்க வேண்டும்.

இந்தப் பொருளின் பிறப்பிலும் வெடிகுண்டு இல்லை. பின்னாளில் லஷ் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன், 1989-இல் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் இதை உருவாக்கினார். தண்ணீரில் போட்டதும் பொங்கும் ஆல்கா செல்ட்சர் மாத்திரைதான் அவருக்கு யோசனை தந்தது. முதலில் வைத்த பெயர் 'அக்வா சிஸ்லர்'. நீரில் சீறுவது என்று கொள்ளலாம். செயலைச் சொல்லும் பெயர்தான் முதலில் வந்தது. நாமும் செயலிலிருந்தே தொடங்கலாம்.

அந்தச் செயல் என்ன? சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் உலர்ந்த பொடியாகப் பக்கத்தில் பக்கத்தில் சும்மா கிடக்கின்றன. தண்ணீர் பட்டதும் இரண்டும் கரைந்து வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. பரவலான அளவு, எடையில் 2 பங்கு சோடாவுக்கு 1 பங்கு அமிலம். 100 கிராம் அமிலம் முழுதும் வினைபுரிய சுமார் 131 கிராம் சோடா போதும். 200 கிராம் போடும்போது மிச்சச் சோடா நீரில் தங்குவதால் குளிக்கும் நீர் புளிப்பேறாமல் இருக்கிறது. அந்த 100 கிராம் அமிலத்திலிருந்து வெளிவரக்கூடிய வாயு ஏறத்தாழ 69 கிராம். கைக்குள் அடங்கும் ஒரு கட்டியிலிருந்து இத்தனை வாயு கிளம்புவதற்கு நம் வேதியியல் பாடநூல்கள் ஏற்கெனவே பெயர் வைத்திருக்கின்றன: நுரைத்துப் பொங்குதல். இதில் 'பொங்கு' என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் முன்மொழிவு. பொங்கு + உருண்டை = பொங்குருண்டை.

இது வினைத்தொகை. சுடுநீர், சுடுமண், ஆடுகளம் போலக் காலம் காட்டாமல் நிற்கிறது. அலமாரியில் அசையாமல் இருக்கும்போதும் அது பொங்குருண்டைதான், தொட்டியில் பொங்கிக்கொண்டிருக்கும்போதும் பொங்குருண்டைதான். இவ்வளவு பொருத்தமான இலக்கண வடிவம் கையிலிருக்கும்போது கடன் வாங்கத் தேவையில்லை.

உருண்டையாக இல்லாமல் இதய வடிவிலும் கனசதுரமாகவும் செய்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பொதுப்பெயராகப் பொங்குகட்டி என்று வைத்துக்கொள்வோம். வினைத்தொகை ஆதலால் நடுவில் வல்லினம் மிகாது. கோள வடிவத்துக்குப் பொங்குருண்டை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வைட்டமின் வகைக்குப் பொங்குமாத்திரை என்று ஒரு குடும்பமே கிடைக்கிறது. ஆனால் உருண்டை என்றால் தின்பண்டம் என்று குழந்தைகள் எண்ணக்கூடும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறமும் மணமும் சேர்த்த பொருள் இது. எனவே பொட்டலத்தின் மேல் மட்டும் 'குளியல் பொங்குருண்டை' என்ற முழுப்பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

சிலர் முன்வைத்த 'நுரைக்குண்டு', 'நுரையுருண்டை' இரண்டையும் மறுக்கிறேன். நுரை நீர்ப்பரப்பில் தங்கி நிற்பதற்குச் சோப்புத் தன்மையுள்ள பொருள் வேண்டும். அதைச் சேர்க்காத உருண்டையில் குமிழிகள் எழுந்து உடைந்து அடங்கிவிடும். நுரை என்ற சொல்லை, உண்மையில் நுரை தரும் வகைகளுக்காக விட்டுவைப்பதே முறை.

இனி உலோக அச்சு. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பட்டியலில் இதை 'வார்ப்பு' என்று எழுதியிருப்பது தவறு. வார்ப்பது என்றால் உருகியதை ஊற்றுவது. உருக்கிய சோப்புக்கு அது பொருந்தும். இங்கே நடப்பது ஈரப்பொடியை அழுத்துவது, ஆகவே அச்சு. ஆனால் இது ஒற்றை அச்சு அன்று. இரண்டு அரைக்கோளங்கள், ஒவ்வொன்றையும் விளிம்புக்கு மேல் குவியும்படி நிரப்பி, ஒன்றோடொன்று சேர்த்து நேராக அழுத்த வேண்டும். அந்தக் குவியல்கள் நெருக்கப்பட்டுப் பிணைவதால்தான் உருண்டை ஒன்றாகிறது. சமமாக வழித்துவிட்டு மூடினால் இரண்டு பாதிகளாகவே வெளியே வரும். உலோகம் சிலிக்கோன் போல வளையாது, ஆகவே வெளிப்புறத்தில் கரண்டியால் மெல்லத் தட்டித்தான் ஒவ்வொரு பாதியாகக் கழற்ற முடியும்.

இந்த இரட்டை அச்சுக்கு வந்த பெயர்களில், 'இணையச்சு' என்ற முன்மொழிவு இணையத்தில் அச்சிடுவது போல ஒலிக்கிறது. 'ஈரச்சு' அதைவிட ஆபத்தானது: இரண்டு அச்சு என்று நினைத்து எழுதியதை ஈரமான அச்சு என்று படிப்பார்கள். அச்சில் துளி ஈரம் இருந்தால் உருண்டை உள்ளேயே பொங்கத் தொடங்கிவிடும். செய்யக்கூடாததையே பெயராக வைக்கலாமா? 'செப்பச்சு' அழகான சொல், செப்பு என்றால் மூடியுள்ள சிறு கலம்; ஆனால் உலோகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் செம்பால் ஆனது என்று கொள்ளப்படும். மூடியும் அடியுமாகப் பொருந்தும் சிறு உருண்டைக் கலத்துக்குச் சிமிழ் என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே. சிமிழச்சு என்று வைப்போம். 'சிமிழை மூடி அழுத்தவும், சில நிமிடம் கழித்துத் திறக்கவும்' என்று வினைகளும் இயல்பாக வந்து சேர்ந்துகொள்கின்றன. எந்த உலோகம் என்று குறிக்க வேண்டிய இடத்தில் எஃகுச் சிமிழச்சு, அலுமினியச் சிமிழச்சு. சிட்ரிக் அமிலம் ஈரத்தோடு அலுமினியத்தில் தங்கினால் அதன் பரப்பை மங்கவைக்கும் என்பதால், இந்த வேறுபாட்டைச் செய்முறையில் குறிப்பிடுவது பயனுள்ளது.

வினைச்சொற்களில் ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். கலவையை 'பிசையவும்' என்று எழுத வேண்டாம். பிசைந்தால் ஈரம் ஓரிடத்தில் திரண்டு வினை தொடங்கிவிடும். துளித்துளியாகத் தெளித்து விரல் நுனிகளால் உதிர்த்துக் கலப்பதற்குப் பிசிறுதல் என்று அடுப்படியில் வழங்கும் சொல் இருக்கிறது. ஈர மணலைப் போல, பிடித்தால் பிடியாக நின்று தட்டினால் உதிரும் பதம் வரும்வரை பிசிற வேண்டும்.

ஒன்று மட்டும் தீர்மானிக்கப்படாமல் நிற்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் உலரும் உருண்டையின் மேல் சிறு புடைப்புகள் எழும். வினையே தண்ணீரையும் விளைவிப்பதால் ஓரிடத்தில் தொடங்கியது பக்கத்துக்கும் பரவுகிறது. இதற்கு 'முன்பொங்கல்' என்று பட்டியலில் இருக்கிறது. பண்டிகைக்கு முந்தைய நாள் என்றுதான் எவரும் படிப்பார்கள். கொப்புளம் என்பது என் பரிந்துரை. 'உருண்டையில் கொப்புளம் கிளம்பியிருக்கிறது' என்றால் விளக்கமே வேண்டாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு.