ப்யூட்டேட்டிவ்னா சரியா என்ன அர்த்தம்? உதவி பண்ணுங்க

கேள்வி:
மரபணு பத்தின ஒரு இங்கிலீஷ் கட்டுரைய தமிழாக்கம் பண்ணிட்டு இருக்கேன், அதுல ப்யூட்டேட்டிவ் (putative) ஜீன்னு திரும்பத் திரும்ப வருது. முதல்ல 'சந்தேகத்துக்குரிய'ன்னு போட்டேன், படிச்ச நண்பர் ஏதோ கோளாறான ஜீன் மாதிரி இருக்கேன்னுட்டாரு. அப்புறம் 'உத்தேச'ன்னு மாத்தினேன், அதுவும் ஒட்டல. இந்த வார்த்தை எங்கேந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சா நல்லா இருக்கும்.

பதில் 1:
'சந்தேகத்துக்குரிய' வேண்டவே வேண்டாம், அர்த்தம் தலைகீழா போயிடும். இதுல சாய்வு நம்புற பக்கம்தான் இருக்கு. இதுதான்னு எல்லாரும் எடுத்துக்கிறாங்க, அதுக்கு ஒரு காரணமும் இருக்கு, ஆனா உறுதியாகல. தெரிஞ்ச ஜீன் மாதிரியே டிஎன்ஏ வரிசை இருக்கு, அதனால ஜீனா இருக்கும்னு வச்சுக்கிறாங்க, சோதனை பண்ணிப் பாக்கல, அவ்ளோதான். 'அலெஜ்டு' (alleged) வேற, அதுல குற்றச்சாட்டு வாடை அடிக்கும். சொல்றப்ப ப்யூட்டடிவ், அழுத்தம் முதல் அசைல.

பதில் 2:
மூலம் லத்தீன்ல 'புட்டாரே'. அதுக்கு கிளை கழிக்கிறது, சுத்தம் பண்றதுன்னும் அர்த்தம் உண்டு, கணக்கு பாக்கிறது, நினைக்கிறதுன்னும் உண்டு. வேண்டாத கிளைய கழிச்சு செடிய ஒழுங்கு பண்ற மாதிரி கணக்கையும் கழிச்சு நேர் பண்றோம்ல, அப்படியே மனசுல கணக்கு போட்டு ஒரு முடிவுக்கு வர்றதும் நினைக்கிறதாயிடுச்சு. கை கால வெட்டி எடுக்கிற ஆம்ப்யுடேஷன், கம்ப்யூட்டர், டிஸ்ப்யூட், ரெப்யுடேஷன் எல்லாமே இதே வேர்தான், எனக்கு இது தெரிஞ்சப்ப ரொம்ப நேரம் இதையே யோசிச்சிட்டு இருந்தேன். இங்கிலீஷுக்கு 15ஆம் நூற்றாண்டுலயே வந்துடுச்சு.

பதில் 3:
முதல் பதில்ல ஒரு சின்ன திருத்தம். உறுதியாகாததுக்கு மட்டும்தான்னு இல்ல. சட்டத்துல 'ப்யூட்டடிவ் மேரேஜ்'னா உண்மைல செல்லாத கல்யாணம், ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தராவது செல்லும்னு நல்லெண்ணத்தோட நம்பி பண்ணிக்கிட்டது. செல்லாதுன்னு தெரிஞ்ச பிறகும் பேரு அதேதான். அதனால 'கருதப்படுற'ங்கிறதுதான் இதோட மையம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அப்ப 'ஜீன் எனக் கருதப்படும் பகுதி'ன்னு போட்டா சரியா வருமா? 'திஸ் ஜீன் இஸ் ப்யூட்டடிவ்'னு இங்கிலீஷ்ல எழுதலாமா?

பதில் 1:
தமிழ் கச்சிதம், அதையே வச்சுக்கோங்க. இங்கிலீஷ்ல பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னாடிதான் வரும், தனியா கடைசில நிறுத்தினா இடறும். பதில் 3 சொன்ன திருத்தமும் சரிதான், நான் ஜீனை மட்டும் மனசுல வச்சு சொல்லிட்டேன்.