ஹெட்லைட் போட்டால் ஏறும் முள்

குடும்ப வாட்ஸ்அப் குழு, இரவு 8.10

சத்துவாச்சாரி அண்ணன்: ஆம்பூரிலிருந்து வருகிறேன். பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் முக்காலுக்கு ஏறிவிட்டது. ஓரங்கட்டி நிற்கிறேன்.

காட்பாடி மாமா: ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே! கொதிதண்ணி முகத்தில் அடிக்கும்.

சத்துவாச்சாரி அண்ணன்: தொடவில்லை மாமா. பக்க டப்பாவில் கூலன்ட் சரியாக இருக்கிறது. ஆவியும் இல்லை, வாடையும் இல்லை.

பெரியம்மா: பிரியாணி ஆறிவிடுமேடா.

ராணிப்பேட்டை சித்தப்பா: அண்ணி, கொஞ்சம் இருங்க. டேய், ஹெட்லைட் போட்டபிறகா ஏறியது?

சத்துவாச்சாரி அண்ணன்: ஆமாம் சித்தப்பா! இப்போது அணைத்தேன், பாதிக்கு இறங்கிவிட்டது. போட்டால் மறுபடி ஏறுகிறது.

ராணிப்பேட்டை சித்தப்பா: இன்ஜின் தண்ணி அவ்வளவு சீக்கிரம் சூடாகி ஆறாது. முள்தான் பொய் சொல்கிறது. பெட்ரோல் முள்?

சத்துவாச்சாரி அண்ணன்: அசையவே இல்லை.

ராணிப்பேட்டை சித்தப்பா: மீட்டருக்குப் பின்னால் கோளாறு என்றால் இரண்டும் ஆடும். உன் பழைய வண்டியில் டெம்பரேச்சர் சென்சாருக்கு ஒற்றை ஒயர்; எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி, இன்ஜின்தான். பெட்ரோல் டேங்க் மிதவைக்கு எர்த் பாடியில். அப்படியென்றால் இன்ஜினைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டை தளர்ந்திருக்கும். கிளட்ச் எப்படி?

சத்துவாச்சாரி அண்ணன்: கொஞ்ச நாளாக இறுக்கம். போன மாதம்தான் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றினார்கள்.

ராணிப்பேட்டை சித்தப்பா: அதுதான்! பட்டையின் ஒரு முனை கியர்பாக்ஸில் இருக்கும். திரும்ப மாட்டியவர் சரியாக முடுக்கவில்லை. எர்த் கிடைக்காத கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சூடாகி உள்ளே பிடித்துக்கொள்ளும்.

காட்பாடி மாமா: கேபிளில் கரண்டா? நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன், கேள்விப்பட்டதே இல்லை.

ராணிப்பேட்டை சித்தப்பா: காலையில் வாங்க மச்சான், காட்டுகிறேன். டேய், முள்ளுக்குப் பயந்து ஹெட்லைட்டை அணைத்துவிடாதே. ரோடு முழுக்க லாரி. மெதுவாக வா.

காலை 9.25

ராணிப்பேட்டை சித்தப்பா: மல்டிமீட்டர் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று இன்ஜினில். வண்டி ஓட, ஹெட்லைட், ப்ளோயர் போட்டால் 0.8 வோல்ட். 0.2க்குள் இருக்க வேண்டியது.

சத்துவாச்சாரி அண்ணன்: எர்த் பட்டையின் போல்ட் பாதி மரையில் ஆடிக்கொண்டிருந்தது. அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினோம். இப்போது 0.05. லைட் போட்டாலும் முள் அசையவில்லை.

காட்பாடி மாமா: முடுக்குவதற்கு முன்னால் செல்ஃப் அடித்துவிட்டுக் கேபிளைத் தொட்டேன். வெதுவெதுப்பு. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

சத்துவாச்சாரி அண்ணன்: கிளட்ச் இன்னும் இறுக்கம்தான் சித்தப்பா.

ராணிப்பேட்டை சித்தப்பா: அந்தக் கேபிள் இனி தேறாது, புதிது போடு. மாட்டும்போது பக்கத்திலேயே நில்.

பெரியம்மா: பிரியாணி மீதி இருக்கிறது. எல்லோரும் கை கழுவிவிட்டு வாங்க.