லீஃப்லெட் வரைபடம் தலைப்புக்குக் கீழே மிச்சமிருக்கும் உயரத்தை நிரப்ப மாட்டேன் என்கிறது

கேட்டவர்:
வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஒன்றியத்துக் கண்மாய்கள், ஊருணிகள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறித்து வைக்க, லீஃப்லெட் (வலைப்பக்கத்தில் வரைபடம் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) கொண்டு ஒரு பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். மேலே தலைப்புப் பட்டை, அதற்குக் கீழே ஜன்னலில் மிச்சமிருக்கும் இடம் முழுக்க வரைபடம், பக்கம் மேலும் கீழும் ஸ்க்ரோல் ஆகக் கூடாது, வேண்டியது அவ்வளவுதான். மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

முதலில் வரைபட டிவ்வுக்கு (வரைபடம் உட்காரும் பெட்டிக்கு) ஹைட்: 100% கொடுத்தேன். திரையில் ஒன்றுமே வரவில்லை, கன்சோலில் ஒரு பிழைகூட இல்லை, இன்ஸ்பெக்ட் செய்து பார்த்தால் அகலம் 1366, உயரம் 0. சரி என்று 100விஎச் (ஜன்னல் உயரம் முழுவதும்) ஆக்கினேன், வரைபடம் வந்துவிட்டது, ஆனால் தலைப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குப் பக்கம் கீழே நீண்டு ஸ்க்ரோல் பட்டை முளைத்தது. அப்புறம் கால்க் போட்டு 100விஎச்சில் 64 பிக்ஸல் கழித்தேன். லேப்டாப்பில் கச்சிதம். போனில் 'நம் ஊர்க் கண்மாய்களும் ஊருணிகளும்' என்ற தலைப்பு இரண்டு வரியாக மடங்கி 64 போய் 92 ஆகிறது, வரைபடத்தின் அடியில் வரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் உரிமைக் குறிப்பு திரைக்குக் கீழே போய்விடுகிறது. அந்தக் குறிப்பு கண்ணில் படும்படி இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஜாவாஸ்கிரிப்டில் ஜன்னல் உயரத்திலிருந்து தலைப்பின் உயரத்தைக் கழித்து டிவ்வுக்குக் கொடுத்தேன். முதல் தடவை திறக்கும்போது சில பிக்ஸல் தவறாக வருகிறது, ரீலோட் செய்தால் சரியாகிவிடுகிறது. ஏன் என்று புரியவே இல்லை. பாடியின் மார்ஜினை 0 ஆக்கிவிட்டேன், அதனால் அந்த 8 பிக்ஸல் சிக்கல் இல்லை.

பதில் 1:
எச்டிஎம்எல், பாடி இரண்டுக்குமே ஹைட்: 100% கொடுங்கள். 0 வருவது நின்றுவிடும்.

கேட்டவர்:
கொடுத்துப் பார்த்தேன், நன்றி. 0 இப்போது இல்லை. ஆனால் 100விஎச் கொடுத்தபோது இருந்த அதே நிலைதான், தலைப்பின் அளவுக்குப் பக்கம் நீள்கிறது.

பதில் 2:
தம்பி, நல்ல வேலை செய்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

0 ஏன் வந்தது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். அகலம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஜன்னல் இவ்வளவு அகலம், அதனால் பாடி இவ்வளவு, அதனால் உள்ளே இருக்கும் டிவ்வும் இவ்வளவு. உயரம் அப்படியே தலைகீழ். உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறதோ அதை வைத்துத்தான் வெளிப்பெட்டியின் உயரம் முடிவாகும். நீங்கள் 100% என்று சொன்னதும் பிரவுசர் 'எதில் 100%?' என்று பாடியிடம் கேட்கிறது, பாடியோ 'உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் என் உயரத்தையே சொல்ல முடியும்' என்கிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் கணக்கு நடக்காது, அதனால் பிரவுசர் உங்கள் 100 சதவீதத்தைக் கைவிட்டு ஆட்டோவாக எடுத்துக்கொள்கிறது. சாதாரணமாக ஆட்டோ என்றால் உள்ளே இருக்கும் எழுத்தின் உயரமாவது கிடைக்கும். லீஃப்லெட்டில் அதுவும் கிடைக்காது, ஏனென்றால் அது ஓடுகளையும் (வரைபடத்தின் சதுரத் துண்டுப் படங்களையும்) பொத்தான்களையும் பொசிஷன்: அப்சொல்யூட் போட்டுத்தான் வைக்கிறது, அப்படி வைத்தவை பெட்டியின் உயரக் கணக்கில் சேராது. ஆகவே உயரம் 0, பிழைச் செய்தியும் இல்லை.

பாடிக்கு 100% கொடுத்ததும் கணக்கு நடந்தது, ஆனால் 100% என்பது பாடி முழுவதும். 'தலைப்பு போக மிச்சம்' என்ற பொருள் சதவீதத்துக்குக் கிடையாது.

ரீலோட் செய்தால் சரியாவது அநேகமாக எழுத்துருவால்தான். வெப் ஃபான்ட் ஏதாவது இழுக்கிறீர்களா? உங்கள் ஸ்கிரிப்ட் தலைப்பை அளக்கும் நேரத்தில் அந்த எழுத்துரு வந்து சேர்ந்திருக்காது, கணினியில் இருக்கும் வேறு தமிழ் எழுத்துருவில் வரைந்திருக்கும். இரண்டுக்கும் வரி உயரம் ஒன்றாக இருக்காது, தமிழில் மேல்சுழிக்கும் கீழ்வளைவுக்கும் இடம் வேண்டியிருப்பதால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். இரண்டாம் தடவை எழுத்துரு கேஷிலிருந்து உடனே வந்துவிடுகிறது, அளவும் சரியாகிவிடுகிறது.

அதனால் அளக்கும் வேலையை விட்டுவிடுங்கள். 64 என்றோ 92 என்றோ எந்த எண்ணும் வேண்டாம். பாடிக்கு இவை மட்டும்:

மார்ஜின்: 0
ஹைட்: 100விஎச்
ஹைட்: 100டிவிஎச்
டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ்

கூடவே ஃப்ளெக்ஸ்-டைரக்‌ஷனை மேலிருந்து கீழாக மாற்றுங்கள், சொல்லாவிட்டால் ஃப்ளெக்ஸ் உள்ளே இருப்பவற்றைப் பக்கவாட்டில் அடுக்கும். தலைப்புக்கு ஒன்றும் எழுத வேண்டாம், வரைபட டிவ்வுக்கு ஃப்ளெக்ஸ்: 1, அவ்வளவுதான். தலைப்பு ஒரு வரியானாலும் மூன்று வரியானாலும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், மிச்சம் வரைபடத்துக்கு.

ஹைட் இரண்டு தடவை வருவது தெரிந்தே எழுதியது. போனில் முகவரிப் பட்டை ஸ்க்ரோலுக்கு ஏற்ப மறைந்து மறைந்து வருகிறது இல்லையா, விஎச் அந்தப் பட்டை மறைந்திருக்கும் நிலையின் உயரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது, பட்டை தெரியும்போது பக்கத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். டிவிஎச் அந்தந்த நேரத்து உயரத்தைப் பின்தொடரும். சஃபாரி 15.4, ஃபயர்ஃபாக்ஸ் 101, குரோம் 108 என்று மூன்றிலும் 2022க்குள் வந்துவிட்டது. அதற்கு முந்தைய பிரவுசர் இரண்டாவது வரியைப் புரியாமல் தள்ளிவிட்டு முதல் வரியை வைத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
அண்ணா, மிக்க நன்றி. எழுத்துரு விஷயம் நீங்கள் சொன்னதேதான், நோட்டோ சான்ஸ் தமிழை வெளியிலிருந்து இழுக்கிறேன். எழுத்துருவை நிறுத்திவிட்டுப் பார்த்தால் தலைப்பின் உயரம் கண்ணெதிரே மாறுகிறது.

ஆனால் ஒரு சந்தேகம். பக்கத்தில் கண்மாய்ப் பட்டியலும் வர வேண்டும் என்பதால் மெயின் என்று ஒரு பெட்டி வைத்து, ஃப்ளெக்ஸ்: 1 அதற்குக் கொடுத்து, உள்ளே வரைபடத்துக்கு ஹைட்: 100% கொடுத்தேன். மறுபடி 0! மெயினை இன்ஸ்பெக்ட் செய்தால் உயரம் சரியாக இருக்கிறது, உள்ளே வரைபடம்தான் 0.

பதில் 2:
பாடியில் ஹைட் போட்டீர்களா, மின்-ஹைட் போட்டீர்களா?

கேட்டவர்:
மின்-ஹைட்: 100டிவிஎச். உள்ளே இருப்பது கூடினால் பக்கம் வளரட்டும் என்று நினைத்தேன்.

பதில் 2:
அதுதான். 'குறைந்தது இவ்வளவு' என்றால் பாடியின் உயரம் இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள், அதனால் மெயினின் உயரமும் உறுதியில்லாததாகவே எடுத்துக்கொள்ளப்படும், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும்கூட. முதலில் சொன்ன அதே பஞ்சாயத்து ஒரு படி உள்ளே நடக்கிறது. கட்டுரைப் பக்கத்துக்கு மின்-ஹைட் நல்லது. உங்களுடையது ஸ்க்ரோல் ஆகாத பக்கம், ஹைட்டே போடுங்கள்.

பட்டியல் வரப்போகிறது என்பதால் இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். மெயினுக்கு மின்-ஹைட்: 0 கொடுங்கள். ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் எதற்கும் மின்-ஹைட் இயல்பாக ஆட்டோ, அதாவது தன் உள்ளடக்கத்தைவிடக் குறுகாது. 140 கண்மாய்ப் பெயர் இருந்தால் மெயின் அந்த 140க்கும் நீண்டு ஜன்னலைத் தாண்டிப் போகும், பட்டியலுக்கு ஓவர்ஃப்ளோ: ஆட்டோ எழுதியிருந்தாலும் உள் ஸ்க்ரோல் வராது. 0 கொடுத்தால்தான் மெயின் சுருங்கச் சம்மதிக்கும், அப்புறம் பட்டியல் தனக்குள்ளேயே ஸ்க்ரோல் ஆகும்.

பதில் 3:
கிரிட் (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) பிடித்தவர்களுக்கு: பாடிக்கு டிஸ்ப்ளே: கிரிட் போட்டு வரிசைகளை ஆட்டோ, 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்று கொடுத்தாலும் இதே பலன்தான். அங்கேயும் அதே கண்ணி உண்டு, 1எஃப்ஆர் உள்ளடக்கத்தைவிடக் குறுகாது, மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுத வேண்டும். நான் பட்டியல், வரைபடம், தலைப்பு என்று மூன்று பகுதி வந்தாலே கிரிட்டுக்குப் போய்விடுவேன், பெட்டிக்குள் பெட்டி குறையும்.

கேட்டவர்:
மின்-ஹைட்: 0 போட்டதும் பட்டியல் தனியாக ஸ்க்ரோல் ஆகிறது. ஒரே வரி அண்ணா, மூன்று நாள்! இன்னும் ஒன்றே ஒன்று. பட்டியலை மறைக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். மறைத்ததும் வரைபடம் அகலமாகிறது, ஆனால் புதிதாகக் கிடைத்த இடம் மட்டும் வெறும் சாம்பல் நிறமாக நிற்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் இழுத்தால் வரைபடம் அங்கேயும் வந்துவிடுகிறது.

பதில் 2:
அது சிஎஸ்எஸ் தவறில்லை. லீஃப்லெட் ஜன்னலின் அளவு மாறுவதை மட்டும்தான் கவனிக்கிறது, தன் டிவ் மட்டும் மாறினால் அதற்குத் தெரியாது, பழைய அகலம் என்று நினைத்து அந்த அளவுக்கே ஓடுகளைக் கொண்டுவருகிறது. மேப்பின் இன்வேலிடேட்சைஸ் என்ற ஃபங்ஷனை அழைத்தால் மறுபடி அளந்துகொள்ளும். பொத்தானில் அழைக்கலாம், ஆனால் நாளைக்கு வேறு எங்காவது அளவு மாறினால் அங்கேயும் மறக்காமல் எழுத வேண்டிவரும். வரைபட டிவ்வின் மேல் ஒரு ரீசைஸ்அப்சர்வர் (பெட்டியின் அளவு மாறுவதைக் கவனிக்கும் பிரவுசர் வசதி) வைத்து, அதற்குள் அழையுங்கள், எந்தக் காரணத்தால் மாறினாலும் பிடித்துக்கொள்ளும்.

கேட்டவர்:
வைத்துவிட்டேன், சாம்பல் பட்டை போயிற்று. அப்பாவின் போனில் திறந்து குறுக்கே திருப்பிப் பார்த்தேன், தலைப்பு இரண்டு வரியிலிருந்து ஒரு வரியாகிறது, வரைபடம் அதற்கேற்ப மேலே ஏறிக்கொள்கிறது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரி வலது மூலையில் முழுதாகத் தெரிகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அளந்துகொண்டிருந்த பதினெட்டு வரியையும் அழித்துவிட்டேன். அப்பா எங்கள் கண்மாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கலிங்கு (உபரி நீர் வெளியேறும் இடம்) தெற்கே இருக்கிறது, நீ வடக்கே குறித்திருக்கிறாய் என்றார். அதைத் திருத்தப் போகிறேன்.