தொற்று வந்தால் ஸ்கேன் தேவை ஏறுமா, இறங்குமா?

செந்தூல் மணி:
அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் அரசாங்க மருத்துவமனைகளில் சிடி ஸ்கேன் மெஷின்களை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரே பிடியாக நிற்கிறார். எனக்கு ஒப்பவில்லை. மலேசியாவில் 2020 மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் ஸ்கேன் அறைகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. முட்டி வலிக்காரர்கள் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சாலையில் மோட்டார்கள் இல்லை, அதனால் எலும்பு முறிவும் குறைவு. இதற்கா கோடிக்கணக்கில் மெஷின்?

பட்டர்வொர்த்காரன்:
மணி சொல்வது பினாங்குக்கு இன்னும் பொருந்தும். இங்கே தனியார் மருத்துவமனைகளுக்கு இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்து வரும் நோயாளிகள்தான் பெரிய வரும்படி. எல்லையை மூடியதும் அந்தக் கூட்டம் அப்படியே நின்றுபோனது. வரவேற்பறையில் இந்தோனேசிய மொழி காதில் விழாத பினாங்கை அப்போதுதான் பார்த்தேன்.

எக்ஸ்ரே அக்கா:
மணி அண்ணே, நீங்கள் 2020 ஏப்ரலைப் பேசுகிறீர்கள். 2021 ஆகஸ்டில் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கு வார்டுக்குள் வந்து பார்த்திருக்க வேண்டும். கோவிட் நோயாளிகளை ஐந்து பிரிவாகப் பிரித்தார்கள் இல்லையா? இரண்டாம் பிரிவா, மூன்றாம் பிரிவா என்பது நிமோனியா இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும். நடமாடும் மெஷினைக் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டு போவோம். படம் பதியும் பலகையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒருவர் நோயாளியைத் தொடுவார், மற்றவர் மெஷினை மட்டும் தொடுவார். மூச்சு விட்டாலே பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படியும். அது ஈ ஓட்டுகிற வேலையாகத் தெரியவில்லை.

செந்தூல் மணி:
அக்கா, நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஏறியது எக்ஸ்ரே, சிடி இல்லை! கோவிட்டைக் கண்டுபிடிக்க சிடியை முதல் சோதனையாக்க வேண்டாம் என்று ஸ்கேன் படம் பார்க்கும் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டதே.

எக்ஸ்ரே அக்கா:
சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் சீனாவின் ஹூபேயில் சிடி படத்தையும் மருத்துவர் கணிப்பையும் வைத்தே நோயாளிகளைக் கணக்கில் சேர்த்தார்கள். ஒரே நாளில் கிட்டத்தட்ட 15,000 பேர் கூடிவிட்டது. அப்புறம், நுரையீரலில் இரத்தம் கட்டியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சிடிதான் எடுக்க வேண்டும். ஸ்கேன் பத்தே நிமிடம், சரி. முடிந்ததும் மேசை முதல் கதவுப் பிடிவரை துடைத்து, அறையின் காற்று மாறும்வரை அடுத்த ஆளை உள்ளே விட முடியாது. நோயாளிகள் குறைந்தாலும் அறைக்கு நேரம் போதவில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

சுங்கை டுவா வாசகி:
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். 2020 ஏப்ரலில் அம்மாவுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேதி இருந்தது. முதல் நாள் போன் செய்து 'தள்ளிவைத்திருக்கிறோம், அழைப்போம்' என்றார்கள். அழைக்கவில்லை. நாங்களே மூன்று முறை அலைந்து டிசம்பரில்தான் எடுத்தோம். சின்னக் கட்டி, நல்லவேளை. மணி அண்ணே, தேவை இறங்கியது என்கிறீர்களே, அந்த எட்டு மாதம் அம்மாவுக்குத் தேவை இல்லாமலா இருந்தது?

செந்தூல் மணி:
தங்கச்சி, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. எடுத்த படங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் பேசினேன். ஆனால் மெஷின் கூட இருந்திருந்தாலும் அம்மாவின் தேதியைத் தள்ளித்தான் வைத்திருப்பார்கள். கூட்டம் சேரக்கூடாது என்பதுதானே அன்றைக்குக் கவலை.

பட்டர்வொர்த்காரன்:
தள்ளிவைத்தது எல்லாம் 2022 ஏப்ரல் 1 எல்லை திறந்த பிறகு சேர்ந்து வந்தது. மேடான்காரர்கள் இரண்டு வருட வலியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஷாங்காய் ஊரடங்கில் ஜிஇ நிறுவனத்தின் ஆலை நின்று, சிடி படத்தில் இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் அயோடின் மருந்துக்குப் பல நாடுகளில் தட்டுப்பாடு. ஊசி மருந்து இல்லாமல் மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செந்தூல் மணி:
அதைத்தானே சொல்கிறேன்! சிடி வாங்கும் காசில் நடமாடும் எக்ஸ்ரே வாங்கி வைக்கட்டும்.

எக்ஸ்ரே அக்கா:
வாங்கட்டும் அண்ணே. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் என்று மேலே எழுதினேனே, அந்த ஆட்களை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? அந்த ஆகஸ்டில் எங்கள் ஷிஃப்டில் மூன்று பேருக்குக் கோவிட். இரண்டு மெஷின் மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டே நின்றது.