மறு: பிரேக் தட்டின் ஓர மேடு – 'உதடு' வேண்டாம், 'வரப்பு' என்போம்

வணக்கம் ஐயா,

சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு (டிஸ்க்) தேய்ந்தபின் அதன் ஓரத்தில் எஞ்சி நிற்கும் மேட்டுக்குத் தமிழ்ச்சொல்லாக 'உதடு' என்று நம் மடல்குழுவில் முன்வைத்திருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. உதடு என்றால் வாய்தான் நினைவுக்கு வருகிறது. மேடு நினைவுக்கு வருவதில்லை. இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் பிடிக்க வேண்டும் என்று நான் மன்றாடக் காரணம் இருக்கிறது.

போன ஞாயிறு கோத்தகிரியில் வீட்டு வாசலில் என் காரின் முன்சக்கரத்தைக் கழற்றினேன். எங்கள் தெருவில் சமதளம் அரிது. பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கியும் வைத்த பிறகே கைவைத்தேன். இரு தாடைகளால் கவ்வித் தடிமன் அளக்கும் வெர்னியரைத் தட்டின் குறுக்கே வைத்தால் 22 மி.மீ. காட்டியது. தட்டில் பொறித்திருந்த தடிமன் கீழ்வரம்பு 20. அப்பாடா என்று மூடியிருப்பேன். ஆனால் நகத்தை ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுத்தபோது சட்டென்று ஒரு படி இறங்கியது. வெர்னியரின் தாடைகள் அந்த மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தன!

இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துத் தட்டின் இருபுறமும் மேட்டுக்கு உட்பக்கமாக வைத்து, அவற்றின்மேல் அளந்தேன்: 22.8. நாணயங்கள் இரண்டும் சேர்ந்து 3 மி.மீ. மிச்சம் 19.8. இந்த வண்டியில்தான் நான் மேட்டுப்பாளையம் வரை மலை இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன். சிறு முனைகளால் மேட்டுக்கு உட்பக்கமாகவே அளக்கும் மைக்ரோமீட்டர் இருந்தால் நாணயம் தேவையில்லை. சுற்றிலும் ஏழெட்டு இடங்களில் அளந்து, இருப்பதிலேயே குறைந்த அளவைக் கொள்ள வேண்டும். முன்தட்டுகள் இரண்டையும், அவற்றைக் கவ்வி உரசும் பேடுகளோடு சேர்த்து மாற்றிவிட்டேன்.

அந்த மேடு ஏன் வருகிறது? பேடு தட்டின் விளிம்புவரை எட்டுவதில்லை. உரசும் பகுதி பள்ளமாகிறது, உரசாத ஓரம் பழைய உயரத்திலேயே நிற்கிறது. எங்கள் பனியில் வார்ப்பிரும்பு ஒரே இரவில் செந்துரு பூக்கும். உரசும் முகத்தில் நாலு முறை பிரேக் மிதித்தால் போய்விடும். ஓரத்திலோ துரு ஏறிக்கொண்டேயிருக்கும். ஏர் படாத வரப்பு உயர்ந்தே நிற்பதுபோல.

ஆகவே 'வரப்பு'. பின்சக்கர பிரேக் டிரம்மிலும் இதே மேடு உண்டு; டிரம்மைக் கழற்றும்போது, உள்ளிருந்து அதை உரசும் ஷூவில் மாட்டி இழுப்பது அதுதான். எஞ்சின் சிலிண்டரில் பிஸ்டன் வளையம் எட்டாத மேல்முனையிலும் உண்டு. தட்டு வரப்பு, டிரம் வரப்பு, உருளை வரப்பு என்று மூன்றுக்கும் ஒரே சொல் போதும். 'உதடு' இங்கெல்லாம் ஒட்டாது.

"வரப்பு மனிதர் போட்டது, இது தானாக மிஞ்சியது" என்று குழுவில் அம்மையார் ஒருவர் மறுத்திருந்தார். நியாயமான மறுப்பு. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது வடிவமும், உழவு அதன் உட்பக்கத்தோடு நின்றுவிடுவதும்தான். இன்னொருவர் தந்த 'தேய்வரப்பு' காதுக்கு இனிமை. ஆனால் வினைத்தொகையாகப் பிரித்தால் தேய்கிற வரப்பு என்றாகிறது. அது தேயாததால்தானே வரப்பு?

தட்டு சுழலும்போது பக்கவாட்டில் ஆடுவதற்கு 'பக்கவாட்டு ஓட்டப்பிழை' என்று மூன்று மடல்களாக நீட்டியிருக்கிறோம். சைக்கிள் கடைகளில் சக்கரத்துக்குக் 'கோட்டம் எடுப்பது' என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். அந்தக் 'கோட்டம்' இருக்கும்போது வேறு எதற்கு?

உருளை வரப்பை உங்கள் ஊர்ப் பட்டறைகளில் வேறு பெயரில் சொல்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள் ஐயா. அங்கே நல்ல சொல் இருந்தால் 'வரப்பை' விட்டுக்கொடுக்கிறேன், 'உதட்டுக்கு' விடமாட்டேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து