இன்ஸ்டால் பாதியில் ஹேங்: ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சதவீதத்தில்

கேள்வி:
டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 போடும்போது ஃபைல் காப்பி ஆகும் கட்டத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு தடவை 18%, அடுத்த தடவை 43%, இன்னொரு தடவை 70% தாண்டியும் போனது. மவுஸ் அசையாது, பிழைச் செய்தியும் வராது; பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. பென்டிரைவை மாற்றியாயிற்று. ஐஎஸ்ஓவையும் (விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் முழு ஃபைல்) புதிதாக இறக்கி, இதே மெஷினிலேயே பென்டிரைவில் எழுதினேன். ரேம் 8+8 ஜிபி டிடிஆர்4, இரண்டும் வேறு வேறு கம்பெனி; பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) 3200. எஸ்எஸ்டி பழைய சாட்டா. உபுண்டு லைவ் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) போட்டாலும் கொஞ்ச நேரத்தில் இதே கதிதான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1:
எந்தச் சதவீதத்தில் நிற்கிறது என்பதுதான் இதில் முக்கியமான தடயம். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் ஐஎஸ்ஓ, பென்டிரைவ், அல்லது டிஸ்க்கில் கெட்டுப்போன ஒரு பகுதி என்று தேடலாம். இடம் மாறிக்கொண்டே இருந்து, லினக்ஸிலும் அதே கோளாறு என்றால் ஓஎஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் சந்தேகம் ரேம், அதுவும் ஜோடி சேராத இரண்டு ரேமை 3200-ல் ஓட்டுவது.

அடுத்த தடவை நிற்கும்போது கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறினால் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது. மாறவில்லை என்றால் முழு ஹேங்.

பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை அணையுங்கள். ரேம் 2133, 2400 அல்லது 2666-க்கு இறங்கும். ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டு, நாலு ஸ்லாட் போர்டு என்றால் சிபியூவிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, மெம்டெஸ்ட்86+ (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்; பென்டிரைவிலிருந்து பூட் ஆகும்) ஓட்டுங்கள். அது பூட் ஆகாவிட்டால் பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகாரமில்லாத மென்பொருளைத் தொடங்கவிடாத பாதுகாப்பு) அணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக, குறைந்தது இரண்டு முழுச் சுற்று. சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் தோல்விதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது.

பதில் 2:
ரேம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பழைய எஸ்எஸ்டியை அப்படியே நம்பிவிடாதீர்கள். டிஸ்க் கோளாறின் முகம் வேறு: மவுஸ் அசையும், சதவீதம் மட்டும் நகராது, வெகு நேரம் கழித்து 80070570 அல்லது 8007045டி என்று பிழை எண் வரும். இதில் முதல் எண் ஃபைல் கெட்டுவிட்டது என்பது. அது ரேமாலும் வரும். இரண்டாவது டிஸ்க்கோ பென்டிரைவோ படிக்க, எழுத மறுக்கிறது என்பது. வேறொரு கணினியில் எஸ்எஸ்டியை மாட்டி ஸ்மார்ட் பட்டியலை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் எண்கள்) பாருங்கள். 5 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை) இந்த இரண்டு வரியில் எதுவும் பூஜ்யமாக இல்லாவிட்டால் அதில் ஓஎஸ் போடாதீர்கள். 199 (கேபிள் வழியில் வரும் பிழைகள்) ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை விட்டுவிட்டு சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

சூடு காரணமாக இருக்குமோ என்று பலர் கேட்பார்கள். அளவுக்கு மீறிச் சூடானால் மெஷின் பெரும்பாலும் தானே அணையும். உறைந்து நிற்பது குறைவு.

உபுண்டு லோகோ வந்த உடனேயே, திரை மாறும் நொடியில் நின்றால் மட்டும் அது கிராஃபிக்ஸ் டிரைவர் பிரச்சினை. அதற்கு கிரப் மெனுவில் (லினக்ஸ் தொடங்கும் முன் வரும் தேர்வுப் பட்டியல்) இ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்பதை ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்து எஃப்10 அழுத்தினால் பூட் ஆகும். உங்களுக்கு இது பொருந்தாது.

கேள்வி கேட்டவர்:
ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது. ரேம் தனித்தனியாக இரண்டுமே பாஸ். சேர்த்துப் போட்டு எக்ஸ்எம்பி போட்டால் முதல் சுற்றிலேயே பிழை. எக்ஸ்எம்பி இல்லாமல் ஒன்றுமில்லை. அப்படியே மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா?

பதில் 1:
செய்யலாம், ஆனால் விட்ட இடத்திலிருந்து வேண்டாம். அந்த ரேம் வழியாகப் போன எந்த ஃபைலையும் நம்ப முடியாது. பென்டிரைவையும் இதே மெஷினில்தான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சந்தேகம்தான். வேறு கணினியில் ஐஎஸ்ஓவை இறக்கி, ஷா-256 மதிப்பை (ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) டவுன்லோடு பக்கத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டு, பென்டிரைவை மறுபடி எழுதுங்கள். எஸ்எஸ்டியில் வேண்டியது ஏதாவது இருந்தால் முதலில் எடுத்துவையுங்கள். பிறகு செட்டப்பில் அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து, வெற்று இடத்தைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள்.

வேகம் வேண்டும் என்றால் ஓஎஸ் ஏறிய பிறகு பார்க்கலாம். வோல்டேஜ் 1.35, வேகம் 2933 என்று கையால் வைத்து, மெம்டெஸ்ட் மறுபடி பாஸ் ஆனால் அதிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 3200-தான் வேண்டும் என்றால் ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிட் வாங்குவதே வழி.