சிஎக்ஸ்எல் கார்டும் (பிசிஐஇ வழியாகச் சேரும் கூடுதல் மெமரி) டிராமும் கலந்து ஓடும்போது லேட்டன்சி (மெமரி பதில் தரும் தாமதம்) ஏறியவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

லோடட்_லேட்டன்சி:
சிபியு சாக்கெட்டுக்கு எட்டு டிடிஆர்5-4800 டிராம் சேனல், அது நோடு 0 (நோடு என்றால் லினக்ஸ் தனியாக எண்ணும் மெமரித் தொகுதி). பக்கத்தில் ஒரு பிசிஐஇ 5.0 எக்ஸ்8 சிஎக்ஸ்எல் கார்டு, அது நோடு 2. நோடு 0, 2 இரண்டுக்கும் நூமாசிடிஎல் கட்டளையில் சாதாரண இன்டர்லீவ், அதாவது மெமரிப் பக்கங்களை மாறி மாறிப் பங்கிடுவது. நூமாஸ்டாட் பார்த்தால் பாதிக்குப் பாதி, கச்சிதம். ஆனால் எம்எல்சி (இன்டெலின் மெமரி அளவீட்டுக் கருவி) அட்டவணையில் விநாடிக்கு 60 ஜிபிக்குக் கொஞ்சம் முன்பே லேட்டன்சி செங்குத்தாக எழுந்துவிடுகிறது. டிராமை மட்டும் வைத்து ஓட்டினால் அதே லோடுக்கு அசைவே இல்லை. மனசை விட்டுப் போகாதது அட்டவணையின் அந்த ஒரு வரிதான்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. எட்டு சேனல், தலா 38.4 என்றால் 307 ஜிபி. எக்ஸ்8 லிங்க் ஒரு திசைக்கு 32 ஜிபி, ஹெடர் போக இன்னும் குறைவு. பாதிப் பக்கங்கள் அந்த லிங்க் வழியாக வந்தால், அது நிரம்பியதும் த்ரெட் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும், டிராம் சும்மா கிடக்கும். லினக்ஸ் 6.9 முதல் வெயிட்டட் இன்டர்லீவ் இருக்கிறது, நோடுக்கு நோடு எடை கொடுத்துப் பங்கிடுவது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் அமைப்புகளை மாற்றும் கோப்புகள்) மெம்பாலிசிக்குக் கீழே நோடு 0-க்கு 10, நோடு 2-க்கு 1 எழுதி, வெயிட்டட் இன்டர்லீவில் மறுபடி ஓட்டியதும் அந்தச் செங்குத்து போய்விட்டது. எடையை மாற்றினால் புதிதாக ஒதுக்கும் பக்கங்களுக்குத்தான் பொருந்தும். பழைய பக்கங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்யாமல் அளந்தால் ஒன்றும் மாறாத மாதிரிதான் தெரியும்.

பக்க_அட்டவணை:
மேலே சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியாது. 10:1 என்பது பேண்ட்வித் பசியுள்ள வேலைக்கு. ஹாஷ் இண்டெக்ஸில் ஒரு பாயின்டரைப் படித்து அடுத்ததைத் துரத்தும் வேலை லிங்க்கையே நிரப்பாது; அதற்கு இன்டர்லீவே வேண்டாம். டிராம் 100 நானோசெகண்ட், கார்டு 250 என்று வைத்துக்கொண்டால் 10:1-இல் சராசரி 114. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் 100. அப்படிப்பட்ட வேலைக்கு டியரிங்தான் சரி, அதாவது அடிக்கடி தொடும் சூடான பக்கம் டிராமில், ஆறியது கார்டில்: டிமோஷனை (ஆறியதைக் கீழே இறக்குவது) எனேபிள் செய்து, சூடானதை மேலே ஏற்ற நூமா பேலன்சிங்கை 2-இல் வையுங்கள்.

அப்புறம் டிஹெச்பி, அதாவது கெர்னல் தானாகவே பெரிய பக்கங்களை ஒதுக்குவது. ஹியூஜ் பேஜ் ஆனில் இருந்தால் பங்கீடு 4 கேபிக்கு அல்ல, 2 எம்பிக்கு ஒன்று. 2 எம்பிக்குள் அடங்குகிற சூடான லுக்கப் டேபிள் முழுசாக நோடு 2-இல் போய் உட்கார்ந்ததை ப்ராசஸின் நூமா_மேப்ஸ் கோப்பில் பார்க்கலாம். எடை சரி, பங்கீடு சரி, ஆனால் எல்லா ரிக்வெஸ்ட்டும் கார்டுக்கே. அந்த டேபிளை மட்டும் எம்பைண்ட் சிஸ்டம் கால் போட்டு நோடு 0-இல் கட்டிவிட வேண்டியதுதான்.

இரட்டைக்கார்டு:
இரண்டு கார்டை ஹார்டுவேர் இன்டர்லீவில் ஒரே ரீஜனாக்கியபோது (ஒரே மெமரிப் பரப்பாக இணைத்தபோது) கண்டது. கிராணுலாரிட்டி 256 பைட், அதாவது 256 பைட்டுக்கு ஒரு முறை கார்டு மாறும். ரெக்கார்டு அளவு 512 பைட், அடிக்கடி படிப்பது முதல் 64 பைட் ஹெடர் மட்டும். கவுண்டரில் முதல் கார்டு முழு ஓட்டம், இரண்டாவது கிட்டத்தட்ட பூஜ்யம். 512-ஐ 256-256 ஆகப் பிரித்தால் ஒவ்வொரு ஹெடரும் முதல் கார்டிலேயே விழும்! ரெக்கார்டை 576 பைட்டாக நீட்டினால் ஹெடர் ஒவ்வொரு முறையும் 64 பைட் நகர்ந்து, எட்டில் நான்கு இந்தப் பக்கம், நான்கு அந்தப் பக்கம். கேஷ்லைன் அலைன்மென்ட்டும் கெடாது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் கார்டு போடப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இன்டர்லீவ் வரிசைக் காத்திருப்பைத்தான் குறைக்கும். லோடு இல்லாத நேரத்து லேட்டன்சி ஒரு நானோசெகண்ட்கூட இறங்காது. ரீஜனில் எல்லாக் கார்டும் சம அளவு தர வேண்டும், ஆகவே சிறிய கார்டுதான் எல்லை. ஒரு கார்டு செத்தால் ரீஜன் முழுதும் போச்சு. டாக்ஸ்சிடிஎல் கட்டளையில் கார்டைச் சிஸ்டம்-ராம் (சாதாரண மெமரி) ஆக்கும்போது, பக்கங்களை வேறிடம் நகர்த்தக்கூடிய மூவபிள் ஸோனிலேயே ஆன்லைன் செய்யுங்கள். இல்லாவிட்டால் கெர்னல் தன் பொருளை அங்கே வைத்துவிடும், பிறகு கார்டைக் கழற்றவே முடியாது. அதற்கும் ஒரு விலை உண்டு: 4 கேபி பக்கம் ஒன்றுக்கு 64 பைட் மெட்டாடேட்டா, 512 ஜிபிக்கு 8 ஜிபி. அது பொதுவாக டிராமில்தான் உட்காரும். கார்டு சேர்த்தபின் டிராம் குறைந்துபோச்சே என்று தேடுகிறவர்கள் இங்கே பாருங்கள். இரண்டு சாக்கெட் இருந்தால் கார்டு இல்லாத சாக்கெட்டின் த்ரெட்டை அந்த நோடுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். சாக்கெட் இணைப்பைத் தாண்டி, பிறகு லிங்க்கையும் தாண்டி வரணும். அந்தத் தாமதத்தை எந்த எடையும் சரிசெய்யாது.

நோடு_ரெண்டு:
பக்க_அட்டவணை சொன்ன டியரிங் நல்லதுதான், சூடான பக்கமெல்லாம் டிராமில் அடங்கும் வரை. அடங்காவிட்டால் பக்கங்கள் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். கெர்னலின் விஎம்ஸ்டாட் கவுண்டர்களில் பிஜிப்ரமோட்_சக்சஸ் (மேலே ஏற்றியவை), பிஜிடிமோட்_கேஸ்வாப்டி (கீழே இறக்கியவை) இரண்டும் ஒன்றாக ஏறிக்கொண்டே போனால் அதுதான் நடக்கிறது. ப்ரமோட் செய்யலாமா என்று பார்க்கவே ஹின்ட் ஃபால்ட் (பக்கம் தொடப்படுகிறதா என்று அறிய வேண்டுமென்றே எழுப்பும் ஃபால்ட்) போடணும், 150 நானோசெகண்டை மிச்சம் பிடிக்கப்போய் மைக்ரோசெகண்ட் கணக்கில் செலவாகும். ப்ரமோட் ரேட் லிமிட்டை எம்பி கணக்கில் இறக்கிப் பாருங்கள். அப்படியும் இரண்டும் சேர்ந்தே ஏறினால் டியரிங்கை நிறுத்திவிட்டு, லோடட்_லேட்டன்சி சொன்ன எடைக்கே திரும்புங்கள்.